ஏலத்தில் எடுத்த பழைய துணி சொன்னபடி இல்லையென்றால்

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு பழைய கம்பளிக் கோட்டை எடுத்தேன். "நல்ல நிலை, மீடியம் சைஸ்" என்று போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் இடது கைப்பகுதியில் பூச்சி அரித்த ஓட்டைகள், அக்குளில் மங்கலான கறை, தோளிலும் இறுக்கம். விற்றவரிடம் கேட்டால், "ஏலத்தில் போனதைத் திருப்பி எடுப்பதில்லை, பழைய துணி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நல்ல ரேட்டிங் கொடுத்தால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறாராம். என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்தக் கோட்டை அப்படியே வையுங்கள். துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங் கொடுக்க வேண்டாம், ஒரு நாள் போட்டுப் பார்க்கலாமே என்று வெளியே போய்வரவும் வேண்டாம். கறை போகிறதா என்று ஈரத்துணியால் துடைத்தால்கூட, அதன் பிறகு அந்தக் கறை யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். பார்சல் உறை, அதில் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு, உள்ளே வைத்த காகிதம் எதையும் எறியாதீர்கள். முகவரிச் சீட்டில் எடை அச்சிட்டிருந்தால் அதையும் படம் எடுங்கள். பிறகு தகராறு முற்றி "நான் அனுப்பியது வேறு, நீங்கள் திருப்பி அனுப்பியது வேறு" என்று அவர் சொன்னால் அந்த எடை உதவும்.

பூச்சி அரித்தது என்பதால் இன்னொன்றும் உண்டு. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. முட்டையோ புழுவோ இன்னும் உயிரோடு கோட்டில் இருக்கலாம், அது உங்கள் அலமாரியில் இருக்கும் மற்ற கம்பளி, பட்டு எல்லாவற்றுக்கும் பரவும். படம் எடுத்து முடித்ததும் கோட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட துணியைப் பையோடு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எடுப்பார்கள். வீட்டு ஃப்ரீசரிலும் அதைச் செய்யலாம், துணியின் நிலை மாறாது. ஆனால் அந்த இரண்டு வாரம் முடியட்டும் என்று புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். புகார் இன்றைக்கே போகட்டும், கோட் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

அடுத்தது, விற்பனைப் பக்கத்தை மறுபடி படிப்பது. இந்தத் தகராறில் ஏலத் தளம் கோட்டைப் பரிசோதிக்கப் போவதில்லை. அவர்கள் கையில் கோட் இருக்காது, உங்கள் படமும் அவருடைய எழுத்தும்தான் இருக்கும். ஆகவே கோட் நல்லதா கெட்டதா என்பது இங்கே விஷயமே இல்லை. அவர் எழுதியதும் வந்ததும் ஒன்றா என்பது மட்டும்தான் விஷயம். தலைப்பு, விவரம், நிலை என்ற கட்டத்தில் அவர் தேர்ந்தெடுத்தது, எல்லாப் படங்கள், நீங்கள் ஏலம் முடியும் முன் கேட்ட கேள்விகள், அவர் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்த ஏலத்தின் பக்கம் என்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இப்படிப் படித்தால் உங்கள் மூன்று குறைகளும் ஒரே பலம் உள்ளவை அல்ல என்பது தெரியும்.

ஓட்டைதான் உங்கள் வலுவான புள்ளி. "நல்ல நிலை" என்ற சொல்லுக்குள் துணி தேய்ந்திருப்பது அடங்கும், லேசாக உருண்டை பிடித்திருப்பது அடங்கும், பொத்தான் பளபளப்பு போயிருப்பது அடங்கும். வெளித்துணியில் ஓட்டை அடங்காது, அதை எழுதித்தான் ஆக வேண்டும். கறை அப்படியல்ல. அவர் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏழாவது படத்தில் அக்குள் பகுதி மங்கலாகத் தெரிந்தால், எழுத்தில் சொல்லாவிட்டாலும் "காட்டியிருக்கிறேனே" என்பார், தளமும் பெரும்பாலும் அவர் பக்கம் சாயும். படத்திலும் இல்லை, எழுத்திலும் இல்லை என்றால் கறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம் இருக்கிறதே, அதுதான் நிறையப் பேர் முதலில் எழுதுவது, அதுதான் மிகப் பலவீனமானது. கோட்டின் டேகில் மீடியம் என்றிருந்து, அவரும் மீடியம் என்று எழுதியிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை. பழைய துணியில் சைஸ் எழுத்துக்கு அர்த்தமே குறைவு. அமெரிக்காவில் பெண்கள் ஆடைக்கு 1958இல் ஓர் அளவுத் தரம் கொண்டுவந்தார்கள். யாரும் கட்டாயம் பின்பற்ற வேண்டியதாக அது இருக்கவில்லை, 1983இல் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண்ணைக் குறைத்து இடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தது. ஐம்பது வருடம் முந்தைய 12ஆம் எண் உடை இன்றைய 12ஆம் எண் உடம்புக்கு ஏறாது. அதனால் "எனக்குச் சேரவில்லை" என்று எழுதினால், மனம் மாறிவிட்டது என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அதற்கு அவர் ரிட்டர்ன் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அவர் அளவு கொடுத்திருந்தால் கதையே வேறு. கோட்டைத் தரையில் சமமாக விரித்து, பொத்தான் போட்டு, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். அவர் 54 சென்டிமீட்டர் என்று எழுதி, உங்கள் டேப் 49 காட்டினால் அது விவரத்துக்கு மாறான பொருள், உங்கள் உடம்பைப் பற்றிய பேச்சே எழாது. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். துணியை இழுத்து அளப்பதிலேயே அவ்வளவு வரும்.

சரி, "ஏலத்தில் போனது, ரிட்டர்ன் இல்லை" என்கிறாரே, அது செல்லுமா? பாதி செல்லும். ரிட்டர்ன் இல்லை என்ற வரி, நீங்கள் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதைத் தடுக்கும். விவரத்துக்கு மாறான பொருளை அனுப்பியதை அது காப்பாற்றாது. ஈபே போன்ற தளங்களின் வாங்குபவர் பாதுகாப்பு விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. ரிட்டர்ன் ஏற்பதில்லை என்று அவர் குறித்திருந்தாலும், பொருள் சொன்னபடி இல்லையென்றால் திரும்ப எடுக்க வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது.

ஏலம் என்ற காரணத்தை வைத்து வாதாடுவதும் பல இடங்களில் எடுபடாது. ஆள்கள் நேரில் வந்து உட்கார்ந்து கேட்கும் பொது ஏலம் வேறு, கடிகாரம் ஓடி முடிந்ததும் கடைசி விலை வென்றதாகக் காட்டும் இணைய ஏலம் வேறு. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2004 நவம்பரில் ஈபே வழக்கு ஒன்றில் இதைத்தான் சொன்னது. வியாபாரியிடம் இப்படி வாங்கிய நுகர்வோருக்குத் திரும்பக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது தீர்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை நெறிமுறையும் இணைய ஏலத் தளத்தைப் பொது ஏலமாக எண்ணக் கூடாது என்றே விளக்குகிறது. அங்கே வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம்.

இதில் "வியாபாரி" என்ற சொல்லைக் கவனியுங்கள். தன் அலமாரியைக் காலி செய்கிற தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் சட்டம் தரும் பாதுகாப்பு மிகவும் மெலிந்தது. பிரிட்டனில் வியாபாரி விற்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனி ஆள் விற்றால் அந்தத் தரக் கேள்வி இல்லை, விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது மட்டும்தான். நல்லவேளையாக உங்கள் தகராறு விவரத்தைப் பற்றியது, எந்தப் பக்கம் பார்த்தாலும் நிற்கும். விற்றவர் யார் என்பதையும் பார்த்து வையுங்கள். ஒரே மாதிரிப் பின்னணியில் நூற்றுக்கணக்கான துணி ஏலத்தில் இருந்தால், "நான் சும்மா வீட்டிலிருந்து விற்கிறேன்" என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

ரேட்டிங் கொடுத்தால் பணம் என்ற பேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் இது விதிமீறல். அதைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அவர் எழுதியிருந்தால் உங்களுக்கு நல்லது, பதிவாகிவிட்டது. இதில் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும். "பணம் தராவிட்டால் மோசமான ரேட்டிங் போடுவேன்" என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் அதே விதி உங்கள்மேல் திரும்பும். ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்கியவருக்குக் கெட்ட ரேட்டிங் போட முடியாது. அதனால் ரேட்டிங்கை வைத்து மிரட்டப்படுகிறோம் என்று விற்பவர்கள் புகார் செய்தால் தளம் அதைக் கவனமாகவே பார்க்கிறது.

அவருக்கு எழுத வேண்டியது ஒரே ஒரு செய்தி. தளத்துக்குள்ளேயே எழுதுங்கள், வாட்ஸாப்பிலோ தனி மின்னஞ்சலிலோ வேண்டாம். வெளியே பேசியதைத் தளம் கணக்கில் எடுப்பதில்லை. ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"கோட் நேற்று வந்து சேர்ந்தது. உங்கள் பக்கத்தில் 'நல்ல நிலை' என்று இருந்தது, ஓட்டை பற்றி எதுவும் இல்லை. இடது கைப்பகுதியில் பூச்சி அரித்த நான்கு ஓட்டைகள் இருக்கின்றன, படம் இணைத்திருக்கிறேன். அக்குளில் கறை இருக்கிறது, உங்கள் படங்களில் அது தெரியவில்லை. கோட்டைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் பெற விரும்புகிறேன். திருப்பி அனுப்பும் சீட்டை இந்த ரிட்டர்ன் கோரிக்கை வழியாகவே அனுப்புங்கள்."

அவ்வளவுதான். ஏமாற்றுக்காரர் என்ற சொல் வேண்டாம், உங்கள் ஏமாற்றம் எவ்வளவு என்பதும் வேண்டாம். விற்பவர்களில் கணிசமானோர் உண்மையிலேயே ஓட்டையைப் பார்க்காமல் விட்டவர்கள், இப்படி எழுதினால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு எழுதும்போது, இதைப் படிக்கப்போவது விற்றவர் அல்ல, தளத்தில் தீர்ப்புச் சொல்லும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

தீர்ப்புச் சொல்லும் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. 1999இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈதன் கட்ஷ் குழு ஈபே தகராறுகளை மின்னஞ்சல் வழியாகச் சமரசம் செய்து பார்த்தது. அப்போது நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். பின்னாளில் அந்தத் தளத்திலேயே ஆண்டுக்கு 6 கோடித் தகராறுகள் என்ற அளவுக்குப் போய்விட்டது, அதில் பெரும்பகுதியை மென்பொருளே முடித்துவைத்தது. உங்கள் கோட்டுக்கு ஒரு மனிதர் கண் கிடைத்தாலும் அது சில நிமிடம்தான். நீங்கள் நாற்பது படம் ஏற்றினால் அவர் மூன்றுதான் பார்ப்பார். முதல் படம் முழுக் கோட், இரண்டாவது ஓட்டை நெருக்கத்தில், பக்கத்தில் ஒரு டேப், மூன்றாவது விற்றவருடைய விற்பனைப் பக்கத்தில் உள்ள அதே கைப்பகுதிப் படம். இந்த வரிசையில் வையுங்கள். ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் செருகி எடுத்தால் கருப்புத் துணியிலும் தெளிவாகத் தெரியும்.

இனி நாள் கணக்கு. இதில்தான் நியாயம் உள்ளவர்களே தோற்றுப்போகிறார்கள். ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் புகாரைத் திறக்க வேண்டும். விற்றவருக்கு 3 வேலை நாள் தருகிறார்கள், அதற்குள் அவர் தீர்க்காவிட்டால் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். நீங்களாகச் சொன்னால்தான் தலையிடுவார்கள், தானாக நடக்கும் என்று காத்திருந்து கோட்டை விட்டவர்கள் ஏராளம். ஏலம் இல்லாத பழைய துணித் தளங்களில் நேரம் இன்னும் குறைவு. விண்டெட்டில் வந்து சேர்ந்த அறிவிப்பிலிருந்து 2 நாள், போஷ்மார்க்கில் 3 நாள். அது போனால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும்.

பேபால் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகச் செலுத்தியிருந்தால் அங்கே தனியாக ஒரு தகராறு திறக்கலாம், செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்கு மேல் அந்தக் கதவு திறக்காது. அங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. தகராறைத் திறந்து 20 நாளுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்த வேண்டும், இல்லையென்றால் தானே மூடிக்கொள்ளும். மூடிய தகராறை மறுபடி திறக்க முடியாது. விற்றவர்கள் சிலர் இதை நன்றாக அறிவார்கள். "தகராறை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறேன்" என்பார்கள். பணம் வரட்டும், பிறகு மூடலாம். இன்னொன்று, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் போட்டிருந்தால் அங்கே பாதுகாப்பே கிடையாது. கமிஷன் மிச்சம் என்று அவர் கேட்டிருப்பார், மிச்சம் அவருக்கு.

கார்டில் செலுத்தியவர்களுக்கு சார்ஜ்பேக் உண்டு, அதாவது செலுத்திய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது. வீசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள். அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் அதே ஆண்டு வந்த நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையுள்ள பொருளுக்கு கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிறது, ஆனால் நடுவில் வேறொரு கட்டண நிறுவனம் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்துபோகலாம். ஏலத்துணியில் பலமுறை இந்தச் சிக்கல்தான் வரும்.

மூன்று கதவு இருக்கிறதே என்று மூன்றையும் ஒரே நேரத்தில் தட்டாதீர்கள். சார்ஜ்பேக் போட்ட நிமிடம் தளம் தன் வழக்கை மூடிவிடும், இனி வங்கி பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். வங்கியோ துணியின் நுணுக்கம் பார்க்காது, ஆவணம் பார்க்கும். என் அபிப்பிராயத்தில் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: விற்றவர், தளம், அப்புறம்தான் பேபால் அல்லது வங்கி. ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு நகருங்கள். விற்றவர் "ஊரில் இல்லை, அடுத்த வாரம் பேசலாம்" என்று நயமாக இழுத்தால், நயமாகவே பதில் சொல்லிவிட்டுப் புகாரைத் திறந்துவிடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

பாதிப் பணம் வாங்கிக்கொண்டு கோட்டை வைத்துக்கொள்ளலாமா என்றால், கோட் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது மோசமான வழி இல்லை. பழைய துணியில் அதே பொருள் மறுபடி கிடைக்காது, புதிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஆனால் தொகையை அவர் வாயிலிருந்து வரவிடாதீர்கள். டார்னிங் செய்கிறவரிடம் காட்டி, ஓட்டை அடைக்க எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கம்பளியில் கண்ணுக்குத் தெரியாமல் இழை எடுத்து நெய்து அடைப்பது பொறுமையான கைவேலை, கோட்டின் ஏல விலையைத் தாண்டியும் போகலாம். அந்தச் சீட்டைக் காட்டித் தொகை கேளுங்கள். எந்த ஒப்பந்தமானாலும் தளத்தின் ரீஃபண்ட் பொத்தான் வழியாகத்தான். பாதிப் பணத்தை ஏற்றுக்கொண்டால் அந்தப் புகார் அதோடு முடிந்துவிடும், அப்புறம் லைனிங் கிழிந்திருப்பதைப் பார்த்தேன் என்று திரும்பிப் போக முடியாது. ஆகவே ஏற்கும் முன் கோட்டை உள்புறம் புரட்டி, பை, காலர் மடிப்பு, கையின் உள்மடிப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் பழைய துணியில் அடிக்கடி வரும் சில தகராறுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றுக்கு ஆதாரம் தேடும் விதம் வேறு.

வாடை மிகக் கஷ்டமானது. சிகரெட், பாச்சா உருண்டை, ஈரப் பூஞ்சை எதையும் படம் எடுக்க முடியாது. "புகை பிடிக்காத வீடு" என்று அவர் எழுதியிருந்தால் மட்டும் பிடி கிடைக்கும். அப்போதும் டிரை கிளீனரிடம் முகரச் சொல்லி, துணியைக் கொடுக்காமல், ஒரு வரி எழுதி வாங்கினால் நல்லது. எழுதாத வாடைக்குத் தளத்தில் வெல்வது அதிர்ஷ்டம்தான்.

தானாகச் சிதையும் துணிகள் இன்னொரு வகை. தோல் போல இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஜாக்கெட்டுகள் காற்றின் ஈரத்தில் மெல்லச் சிதைந்து, சில வருடங்களில் தோலுரிந்து கொட்ட ஆரம்பிக்கும். படம் எடுத்த அன்றைக்கு முழுசாக இருந்தது, பார்சலில் மடங்கி வந்ததும் உதிர்ந்தது என்று விற்றவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு உலோக உப்பு ஏற்றிக் கனம் கூட்டினார்கள், அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாக வெடிக்கும். இவற்றில் "ஏமாற்றிவிட்டார்" என்று தொடங்காமல், "உடுத்தக்கூடியது என்று எழுதியிருந்தீர்கள், உடுத்த முடியாத நிலையில் வந்தது" என்று தொடங்குங்கள். அவர் மனதில் இருந்ததை நிரூபிக்கத் தேவையில்லை, எழுத்தும் பொருளும் பொருந்தாததைக் காட்டினால் போதும்.

அப்புறம் காலமும் அசலும். "1950களின் உடை" என்று விற்றதில், அமெரிக்க விற்பனைக்காக அச்சிட்ட சலவைக் குறிப்பு டேக் நிரந்தரமாகத் தைத்திருந்தால் சந்தேகப்படலாம், அங்கே அது கட்டாயமானது 1972இல்தான். லீவைஸ் ஜீன்ஸில் சிவப்புத் துண்டில் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (LEVI'S) இருந்தால் 1971க்கு முந்தையது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கம்பெனியே பழைய மாதிரிகளைத் திரும்பத் தைத்து விற்கிறது, அவற்றிலும் பெரிய எழுத்து வரும். ஆக ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து வழக்கு கட்டாதீர்கள். போலி என்று சந்தேகம் வந்தால், முதலில் துறை தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பேபாலில் போலி என்று முடிவானால் பொருளைத் திருப்பி அனுப்பாமல் அழிக்கச் சொல்வதும் உண்டு. அதனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஏலத்துக்கே உரிய தகராறு ஒன்று இருக்கிறது. விலை ஏறவில்லை, குறைவாகவே முடிந்தது, விற்றவர் திடீரென்று "துணி கிழிந்துவிட்டது, அனுப்ப முடியாது" என்று ரத்து செய்கிறார். சில நாள் கழித்து அதே துணி அதிக விலையில் மறுபடி வரும். சட்டப்படி பல நாடுகளில் ஏலம் முடிந்தாலே ஒப்பந்தம்தான். ஜெர்மனியில் 1 யூரோவில் தொடங்கிய கார் ஏலத்தை விற்றவர் பாதியில் நிறுத்தியபோது, அப்போது முன்னணியில் இருந்தவருக்கு 5,249 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உச்ச சிவில் நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்காகச் சட்டைக்கு வழக்குப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பணம் திரும்பியதா என்று பார்த்து, மறு ஏலத்தின் படத்தைச் சேர்த்துத் தளத்தில் புகார் செய்யுங்கள். அதைத் தாண்டிப் போவது நேர விரயம், துணி மிக விலை உயர்ந்ததாக இருந்தாலொழிய.

பொருளே வரவில்லை என்ற தகராறு இதைவிட எளிது, டிராக்கிங் சொல்வதுதான் தீர்ப்பு. 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் ஈபே, பேபால் இரண்டும் கையெழுத்து ஆதாரம் எதிர்பார்க்கின்றன. அந்த விலைக்குக் கீழே "டெலிவரி ஆனது" என்று காட்டினாலே விற்றவர் தப்பித்துவிடுவார். வராமலே வந்ததாகக் காட்டினால் அஞ்சலகத்திலோ கூரியரிடமோ எழுத்தில் விசாரணை கேட்டு, அந்தப் பதிலைப் புகாரோடு சேர்க்க வேண்டும்.

இனி உங்கள் கோட்டைத் திருப்பி அனுப்பும் கட்டம். ரிட்டர்ன் ஒப்புக்கொண்டதும் தளம் கொடுக்கும் சீட்டிலேயே அனுப்புங்கள். அவர் தனியாக ஒரு முகவரி கொடுத்து "இங்கே அனுப்புங்கள்" என்றால் அனுப்பாதீர்கள், தளத்தின் கணக்கில் அது திரும்பிய பொருளாகவே பதிவாகாது. பை கட்டும் முன் கோட்டை மேசையில் விரித்து, ஓட்டையும் உள் டேகும் தெரிய, பார்சலில் மடித்து வைத்து ஒட்டுவது வரை இடைவெளி இல்லாமல் ஒரு வீடியோ எடுங்கள். நாடு விட்டு நாடு போகிறது என்றால் சுங்கப் படிவத்தில் விற்பனைப் பொருள் என்று எழுதாமல் திரும்பும் பொருள் என்ற கட்டத்தைக் குறியுங்கள். இல்லையென்றால் அவருக்கு வரி விழும், அவர் பார்சலை வாங்க மறுப்பார், தகராறு இன்னொரு மாதம் நீளும்.

இதே பதிலைப் படிக்கும் விற்பவர்களுக்கும் ஒன்று. உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும், வேறு துணியை மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது கற்பனை அல்ல. அனுப்பும் முன் ஒவ்வொரு குறையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, குறையின் அருகே ஒரு நாணயமோ டேப்போ வைத்துப் போடுங்கள். அளவை எண்ணில் எழுதுங்கள். உள்டேகின் தையல் எப்படி இருக்கிறது என்பது ஒவ்வொரு துணியிலும் கொஞ்சம் வேறுபடும், அதன் நெருக்கப் படம் ஒன்று வைத்திருந்தால் திரும்பி வந்தது உங்கள் துணிதானா என்று சொல்லிவிடலாம். குறையை மறைத்து விற்ற துணிக்கு இரண்டு பக்க அஞ்சல் செலவும் உங்கள் தலையில்தான் விழும், குறையை எழுதி விற்ற துணி கொஞ்சம் விலை குறைவாகப் போனாலும் திரும்பி வராது.

தளம் உங்களுக்கு எதிராக முடிவு சொன்னாலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஈபேயில் வழக்கு மூடிய 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பழைய படத்தையே மறுபடி அனுப்பிப் பயன் இல்லை, புதிதாக ஏதாவது வேண்டும். டார்னிங் செய்கிறவரின் சீட்டு, அல்லது ஓட்டையின் ஓரத்தில் புழு விட்ட கூடு தெரியும் நெருக்கப் படம் போதும். பழைய கூடு என்றால் அரிப்பும் பழையது, வழியில் வந்தது அல்ல. நீதிமன்றம் என்பது கடைசி. இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு முறை உண்டு, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே 5,000 யூரோ வரை தனி நடைமுறை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நடத்திவந்த இணையத் தகராறுத் தளம் மட்டும் 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது, பழைய கட்டுரைகளைப் படித்து அதைத் தேடி அலையாதீர்கள். ஒரு கோட்டுக்காக எல்லை தாண்டி வழக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரேட்டிங்கைப் பணம் கணக்கில் ஏறிய பிறகு எழுதுங்கள். ஈபேயில் அதற்கு 60 நாள் இருக்கிறது, அவசரமில்லை. "எழுதாத பூச்சி ஓட்டைகள் இருந்தன, தளம் தலையிட்ட பிறகு பணம் திரும்பியது" என்பது போதும். அதைப் படித்துவிட்டு அவரிடம் அடுத்துக் கம்பளி எடுக்க வருகிறவர் தானே கேட்டுக்கொள்வார்.